சோத்தை நிறுத்த வேணாம், அளந்து போடுங்க

இன்ஸ்டாகிராம்ல "ஹெல்தி டயட்"னு ஒருதடவை தேடிப் பாருங்க. ஓட்ஸ், சியா விதை, அவகாடோ, கினோவானு வரிசையா வரும். இதுல ஓட்ஸைத் தவிர வேற எதையும் எங்க பூம்புகார்ப் பக்கம் மளிகைக் கடையில நான் பாத்ததே இல்லை. அடுத்த வீடியோவுல ஒருத்தர் வந்து, "முதல்ல சோத்தை நிறுத்துங்க" என்பார். காவிரி கடல்ல கலக்குற ஊர்ல, மூணு போகம் நெல்லைப் பாத்து வளந்தவங்ககிட்டச் சொல்ற பேச்சா இது?

ஆனா அவர் பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு. 2023-ல வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுப்படி இந்தியாவுல 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அதோட எல்லையில நிக்கிறவங்க இன்னும் 13.6 கோடி பேர். உங்க வீட்டுலயே காலையில மாத்திரை போடுறவங்க ஒருத்தராவது இருப்பாங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா நமக்கு வர்ற வாய்ப்பும் கூடும். அதனால 21 வயசுல இதைப் பத்திப் பேசுறது சீக்கிரம்னு சொல்ல முடியாது.

அப்போ குற்றவாளி யாரு? சோறா, இல்ல நாம அதைச் சாப்பிடுற விதமா? இந்தக் கேள்வி 130 வருஷமா இருக்கு. இதோட கதை கோழியிலேருந்து ஆரம்பிக்குது.

1890-கள்ல ஜாவா தீவுல டச்சு ராணுவ மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், பெரிபெரினு ஒரு நோயை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். கால் மரத்துப் போகும், நடக்க முடியாது, இதயம் பலவீனமாகிச் சாவு வரைக்கும் போகும். ஏதோ கிருமிதான் காரணம்னு நினைச்சுத் தேடிட்டிருந்தப்போ, லேப்ல இருந்த கோழிங்களுக்கும் அதே மாதிரி கால் இழுத்துக்கிச்சு. கொஞ்ச நாள்ல தானாவே சரியாவும் ஆயிடுச்சு. விசாரிச்சா, நடுவுல கொஞ்ச காலம் கோழிக்கு ஆஸ்பத்திரி சமையல்ல மிஞ்சின நல்லாத் தீட்டின வெள்ளைச் சோத்தைப் போட்டிருக்காங்க. புதுசா வந்த சமையல்காரர், "ராணுவத்துச் சோறு கோழிக்கு எதுக்கு?"னு நிறுத்திட்டார். தவிடு நீக்காத அரிசிக்கு மாறினதும் கோழி எழுந்து நடந்துடுச்சு. தவிட்டுல இருந்த அந்தப் பொருள்தான் பின்னாடி தயாமின், அதாவது வைட்டமின் பி1-னு பேர் வாங்கிச்சு. எய்க்மனுக்கு 1929-ல நோபல் பரிசு கிடைச்சது. பரிசுல பாதி அந்தச் சமையல்காரருக்குப் போயிருக்கணும்னு எனக்குத் தோணும்.

இதே நோயைப் பத்தி ஆராயத்தான் 1918-ல குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன் ஒரு சின்ன ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அது வளந்து 1958-ல ஹைதராபாத்துக்கு இடம் மாறிச்சு. இன்னைக்கு நாடு முழுக்க "என்ன சாப்பிடலாம்"னு வழிகாட்டுற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அந்தக் கால சென்னை மாகாணத்துல பெரிபெரி அதிகமா இருந்தது வடக்கே, ஆந்திரக் கடற்கரை மாவட்டங்கள்ல. அங்க மில்லுல தீட்டின பச்சரிசி சாப்பிட்டாங்க. தெற்கே புழுங்கல் சாப்பிட்டவங்களை அந்த நோய் பெருசா தொடல.

காரணம் சிம்பிள். நெல்லை ஊறவச்சு ஆவியில அவிக்கும்போது, தவிட்டுல இருக்குற பி வைட்டமின்கள் தண்ணியில கரைஞ்சு அரிசியோட உள்பக்கத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் தவிட்டை நீக்கினாலும் உள்ள போனதுல நல்ல பங்கு அங்கயே தங்கிடும். மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல டிஃப்யூஷன்னு படிச்சுட்டு மறந்தது ஞாபகம் வருதா? அதை அண்டாவுல, வைக்கோல் தீயில, பேர் தெரியாத நம்ம பாட்டிமார் செஞ்சுட்டிருந்தாங்க.

அதனால முதல் விஷயம்: வீட்டுல தினம் பொங்குற சோத்துக்குப் பச்சரிசியைவிடப் புழுங்கல் மேல். பச்சரிசி பொங்கலுக்கும் பாயசத்துக்கும் இருக்கட்டும். கடையில கண்ணாடி மாதிரிப் பளபளக்குற அரிசியைக் கேட்டு வாங்காதீங்க. கொஞ்சம் பழுப்பா, தவிடு ஒட்டின மாதிரி இருந்தா தாராளமா வாங்கலாம். இப்போ நாம தவிட்டை மாட்டுக்கு வச்சுட்டு, மிச்சத்தை நாம சாப்பிட்டுட்டு, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை மெடிக்கல்ல வாங்குறோம். மாடு ஆரோக்கியமா இருக்கு.

டெல்டாவுல இதைப் பேசும்போது நெல் ஜெயராமனை விட்டுட முடியாது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல 2006-லேருந்து நெல் திருவிழா நடத்தி, 160-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டு விவசாயிங்க கையில கொடுத்தவர். 2018 டிசம்பர்ல காலமானார். இன்னைக்குக் கடையில மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் காட்டுயாணமும் கிடைக்குதுன்னா அவர் மாதிரி ஆளுங்க அதுக்குப் பெரிய காரணம். ஆனா விலை கூட. ஹாஸ்டல்ல இருக்குறவங்களுக்குச் சாத்தியமும் இல்ல. வாரத்துல ரெண்டு நாள் கஞ்சியாவோ இட்லியாவோ வீட்டுல செஞ்சாப் போதும். ஒண்ணு மட்டும் கவனம்: கருப்புக் கவுனியும் அரிசிதான். "இது நல்லது"ன்னு ரெட்டிப்பா சாப்பிட்டா சர்க்கரையும் அதே மாதிரி ஏறும்.

கஞ்சி வடிச்சா சர்க்கரை போயிடும்னு சொல்வாங்க. வடிக்கிற தண்ணியில கொஞ்சம் மாவுச்சத்து போகும், அதோட கரையுற வைட்டமினும் போகும். ஆனா தட்டுல மிச்சம் இருக்குறது பெரும்பாலும் மாவுச்சத்துதான். வடிக்கிற பழக்கம் இருந்தா வடிங்க, அந்தக் கஞ்சியில மோரும் உப்பும் போட்டுக் குடிச்சிடுங்க. அரிசியை ஏழெட்டுத் தண்ணி ஊத்தித் தேய்ச்சுக் கழுவ வேணாம், ரெண்டு தடவை போதும்.

அடுத்தது பழைய சோறு. பழைய சோத்துல இரும்புச்சத்து 3.4 மில்லிகிராமிலேருந்து 73.91 மில்லிகிராமா ஏறிடுதுன்னு ஒரு வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். கொஞ்சம் யோசிங்க. இரும்பு ஒரு தனிமம். மூடி வச்ச பானையில ராத்திரியோட ராத்திரியா 70 மில்லிகிராம் இரும்பு எங்கேருந்து வரும்? இன்ஜினியரிங் படிக்கிற நாமளே அதை ஃபார்வர்டு பண்ணலாமா? உண்மையில நடக்குறது வேற. நொதிக்கும்போது, இரும்பைப் பிடிச்சு வச்சிருக்குற ஃபைட்டேட்டுங்குற பொருள் குறையுது. அதனால இருக்குற இரும்பையே உடம்பு கொஞ்சம் சுலபமா எடுத்துக்கும். லாக்டிக் அமில பாக்டீரியா வளருது, அதான் அந்த லேசான புளிப்பு. ஆற வச்ச சோத்துல மாவுச்சத்தோட ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வடிவத்துக்கு மாறும். இவ்வளவு போதாதா? பொய் சேர்க்காமலே பழைய சோறு நல்ல காலை உணவுதான், சின்ன வெங்காயத்தோட. வெயில் காலத்துல கெட்ட வாடை அடிச்சாலோ நூல் மாதிரி இழுத்தாலோ யோசிக்காம கொட்டிடுங்க.

இப்போ அளவுக்கு வருவோம். என்னைக் கேட்டா மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு.

2024-ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கொடுத்த வழிகாட்டுதல்ல, ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுறவங்களுக்குத் தானியம் சுமார் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம். தானியம்னா இட்லி, தோசை, சப்பாத்தி, சோறு, சாயங்காலம் தின்ன பிஸ்கட்டு எல்லாம் சேர்த்து, வேகவைக்காத எடையில. மூணு வேளைக்குப் பிரிச்சா வேளைக்கு 80 கிராம் அரிசி, வெந்தா கிட்டத்தட்ட ரெண்டு சின்னக் கிண்ணம் சோறு. இப்போ உங்க மெஸ் தட்டை நினைச்சுப் பாருங்க. சோத்துமலை, அதுமேல சாம்பார் ஆறு, ஓரத்துல ஒரு ஸ்பூன் பொரியல்.

எங்க தாத்தா காலத்துல இதே மலையைத்தான் சாப்பிட்டாங்க. ஆனா விடியறதுக்கு முன்னாடி வயல்ல இறங்கி, நாத்து பறிச்சு, அண்டை வெட்டி, மூட்டை தூக்கினாங்க. நாம லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கோம். வேலை மாறிடுச்சு, சோத்தளவு மட்டும் பரம்பரைச் சொத்தா வந்துடுச்சு.

செய்ய வேண்டியது: தட்டுல முதல்ல காயும் கீரையும் பாதி இடம் பிடிக்கட்டும். கால் பாகம் பருப்பு, பயறு, முட்டை, மீன்ல ஏதாவது ஒண்ணு. மிச்சம் கால்தான் சோறு. மெஸ்ல வரிசை சோத்துலதான் ஆரம்பிக்கும், அதனால நேரா பொரியல் பாத்திரத்துக்குப் போய் வாங்கிட்டுத் திரும்பி வாங்க. ரெண்டு நாள் முறைப்பாங்க, மூணாவது நாள் பழகிடும். சாப்பிட்டதும் ரூமுக்குப் போய்ப் படுக்காம பத்துப் பதினஞ்சு நிமிஷம் நடங்க. சாப்பாட்டுக்கப்புறம் ரத்தத்துல ஏறுற சர்க்கரையைத் தசை இழுத்துக்கும்.

பருப்புக்கு டெல்டாவுல பஞ்சமே இல்ல. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னாடி, ஈரம் காயாத வயல்லயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிச்சு விடுவாங்க. நெல்லை அறுத்ததும் அது தலை தூக்கும். மண்ணுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அரிசிப் புரதத்துல லைசின் குறைவு, பயறுல அது நிறைய. இட்லியில உளுந்து சேர்றதோட லாபம் இதுதான். பச்சைப்பயறை முளைகட்ட ஒரு ஈரத்துணி போதும், ஹாஸ்டல் ரூம்லயே செய்யலாம்.

முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வீட்டுப் பின்பக்கமே கிடைக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்கு. அதனால தோழிகளே, கீரை சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க. டீயில இருக்குற டானின் இரும்பை உடம்புல சேர விடாது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. கீரையில ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிஞ்சா இரும்பு நல்லாச் சேரும்.

பூம்புகார்க்காரனா மீனைப் பத்திச் சொல்லாம இருந்தா ஊருக்குள்ள விட மாட்டாங்க. எல்லாரும் வஞ்சிரம் வஞ்சிரம்னு அலையுறாங்க. மத்தியை வாங்குங்க. விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பு நிறைய. நெத்திலியை முள்ளோட சாப்பிடுறதால கால்சியமும் கிடைக்கும். எந்த மீனா இருந்தாலும் பொரிக்கிறதைவிடக் குழம்பு நல்லது. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுத் தடைக்காலம், அப்போ மீன் வரத்து குறையும், கருவாடு சமையலுக்கு வரும். கருவாட்டை வெந்நீர்ல ஊறவச்சு ரெண்டு தடவை அலசுங்க. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். கருவாட்டுக் குழம்புக்குத் தனியா உப்பு போடுறதுக்கு முன்னாடி ருசி பாருங்க.

கடற்கரையில மீன் வறுவல், பஜ்ஜி சாப்பிடாதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது. சட்டியில எண்ணெய் எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க. கறுத்து, கெட்டியாகி, நுரை தள்ளி, புகையுதுன்னா நகர்ந்துடுங்க. திரும்பத் திரும்பக் காயுற எண்ணெய்ல போலார் சேர்மங்கள் கூடும். அது 25 சதவீதத்தைத் தாண்டினா பயன்படுத்தக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி 2018 ஜூலையிலேருந்து இருக்கு. அதே விதியை வீட்டு வாணலிக்கும் வைங்க. ஒருதடவை பொரிச்ச எண்ணெய்ல இன்னொருதடவை பொரிக்காம, வடிகட்டி ஒண்ணு ரெண்டு நாள்ல தாளிக்கத் தீத்துடுங்க.

சாப்பாட்டை இவ்வளவு சரி பண்ணிட்டு வீட்டைச் சும்மா விட்டா, ஐப்பசி கார்த்திகை மழையில கொசு வந்து எல்லாத்தையும் கெடுத்துடும். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையில முட்டை போடாது, தேங்கின நல்ல தண்ணியிலதான் போடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால வாரம் ஒருநாள் கொட்டிக் காயவச்சாலே அந்தச் சங்கிலி அறுந்துடும். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ரவுண்டு வாங்க. மாடியில கிடக்குற தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத குடம் எல்லாத்தையும் பாருங்க. பலரும் மறக்குறது ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி சேர்ற தட்டு. முட்டை பாத்திரத்தோட சுவர்ல ஒட்டிட்டு இருக்கும், கொட்டினா மட்டும் போகாது, நாரால தேய்க்கணும்.

கொசுவத்திச் சுருளை மூடின ரூம்ல கொளுத்திட்டுத் தூங்குறவங்களுக்கு ஒரு கணக்கு. 2003-ல வெளியான ஒரு ஆய்வுல, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுற அளவுக்குச் சமம்னு அளந்தாங்க. வீட்டுல குழந்தையோ வீசிங் இருக்குறவங்களோ இருந்தா அது அவங்க மூச்சுக்குள்ள போகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடி ஜன்னலைச் சாத்திடுங்க, படுக்கையில வலை கட்டுங்க. ஹாஸ்டல் கட்டில்ல ஆணி அடிக்க விட மாட்டாங்கன்னா குடை மாதிரி விரிக்கிற வலை கடையில கிடைக்கும். ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, அதனால மத்தியானத் தூக்கத்துக்கும் அதை விரிச்சுக்குங்க.