அட்டைக் கடியென்று எண்ணிவிடலாகாது



பசறையிலும் லுணுகலையிலும் தேயிலை மலை ஏறி இறங்குவோருக்கு அட்டைக் கடித் தழும்பும், கவ்வாத்துச் செய்த செடி கீறிய வடுவும் புதியனவல்ல. மஞ்சளைப் பூசிவிட்டு மறுநாள் பிரட்டுக்குச் சென்றுவிடுவர். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து, குருதிச் சுத்திகரிப்பின் துணையால் வாழும் ஒருவரின் தோலில் கடும் நோவுடன் கறையொன்று தோன்றுமாயின், அதனை அவ்வாறு எண்ணிவிடலாகாது.

ஊவாவில் சிறுநீரக நோய் நமக்கு அயலானதன்று. பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பகுதி, காரணம் உறுதிப்படாத நீடித்த சிறுநீரக நோய் மிகுந்த இடங்களுள் ஒன்று. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் சிறுநீரகத்தைக் கெடுப்பதையும் நாம் அறிவோம்.

சிறுநீரகம் பழுதுற்றால் பொசுபரசு உடலில் தேங்கும். கல்சியத்தின் சமநிலை குலையும். கழுத்திலுள்ள பரதைரொயிட்டுச் சுரப்பிகள் மிகையாகச் சுரந்து எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கும். கேத்தலின் உட்புறத்தில் சுண்ணம் படிவதுபோல, மிகச் சிலருக்கு அது தோலுக்கும் கொழுப்புக்கும் குருதி கொணரும் நுண்குழாய்களின் சுவரிற் படிந்துவிடுகிறது. குழாய் குறுகி, குருதி உறைந்து அடைபடுகிறது. உணவற்ற தோல் மடிகிறது. இந்நோயைக் கல்சிபிலாக்சிஸ் என்பர். மொன்றியல் நகரில் எலிகளை வைத்து ஆராய்ந்த ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர், 1962இல் வெளியிட்ட நூலில் இப்பெயரை விளக்கினார்.

முதலில் வருவது நோவு. பின்னர் வலைபோன்ற ஊதாநிறக் கறையும், தோலடியில் கட்டியும் தோன்றும். அடுத்துக் கருத்த புண் உண்டாகும். அப்புண்ணில் கிருமி புகுந்து குருதியிற் கலப்பதே பேராபத்து. இந்நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் உயிரிழக்கின்றனர். ஆண்களிலும் பெண்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது. தோன்றும் இடங்களோ தொடை, அடிவயிறு, பிட்டம். நாணத்தால் நம் தாய்மார் மறைக்கும் இடங்களும் அவையே.

ஆகவே புண் வெடிக்கும்வரை காத்திராது, நோவெடுத்த அன்றே சுத்திகரிப்புப் பிரிவிற் கூறவேண்டும். பச்சிலையும் பற்றும் வேண்டா. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியரிடம் காட்டுங்கள். கல்சியக் குளிசை, விற்றமின் டி, குருதி உறையாமைக்குத் தரும் வார்பரின் ஆகியன இந்நோய்க்குத் துணைபோகக்கூடும். ஆயினும் அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; மாற்றுவது வைத்தியரின் பொறுப்பு. சுத்திகரிப்பை ஒருமுறையும் தவறவிடாதிருத்தலும், புண்ணைத் தூய்மையாகப் பேணுதலும், சோடியம் தயோசல்பேற்று என்னும் மருந்தும் சிகிச்சையில் இடம்பெறுகின்றன.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்கள் அப்பாயியோ அம்மாயியோ பதுளைப் பெரிய வைத்தியசாலைக்குச் சுத்திகரிப்புக்குச் செல்பவராயின், "எங்காவது நோகிறதா?" என்று கேளுங்கள். தாதியிடம் சிங்களத்திற் கூறத் தயங்குவாராயின், உடன்சென்று நீங்கள் கூறுங்கள். கற்ற மொழி ஓருயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பயன் கல்விக்கு வேறென்ன உண்டு?