ஈரத்திலும் ஒட்டும் பசை

தோலில் விழுந்த வெட்டைத் தைப்பது பெரிய காரியமில்லை. கல்லீரலையும் நுரையீரலையும் தைப்பதுதான் பாடு. கல்லீரலில் நூலை இறுக்கினால் சதை அறுந்துகொண்டு வரும். நுரையீரலிலோ ஊசி போன துளை வழியாகவே காற்று கசியும். ஒட்டிவிடலாமே என்றால், உள்ளே எல்லாம் ஈரம். நனைந்த சுவரில் சுவரொட்டி நிற்குமா?

இந்தச் சிக்கலைக் கடலில் ஓர் உயிர் எப்போதோ தீர்த்துவிட்டது. குமரி மாவட்டக் கடற்கரையில் மூழ்கி எடுத்து விற்கிறார்களே, அந்தச் சிப்பியும் அதன் இனத்தாரும்தான். ஓயாமல் அலை அடித்தாலும் சிப்பி பாறையை விடாது. சுரண்டித்தான் பெயர்க்க வேண்டும். ஓட்டுக்குள்ளிருந்து பாதத்தை நீட்டிப் பாறையில் அழுத்தி, பாதத்தின் பள்ளத்தில் புரதத்தைச் சுரக்கிறது. அது நூலாக இறுகுகிறது. நூலின் நுனியில் சின்ன வட்டத் தட்டு. பாறையைப் பிடிப்பது அதுதான்.

அந்தப் பசைப் புரதத்தில் ‘டோபா’ என்ற அமினோ அமிலம் இருப்பதை 1981-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் வெயிட் வெளியிட்டார். நீருக்கடியிலும் பரப்பைப் பற்றுவது, பிறகு பக்கத்து மூலக்கூறுகளோடு பிணைந்து கெட்டிப்படுவது, இரண்டுக்கும் டோபா உதவுகிறது. பார்க்கின்சன் நோயாளிகள் விழுங்கும் லெவோடோபா மாத்திரையில் இருப்பதும் இதே பொருள்தான்!

ஆனால் ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 10,000 சிப்பிகள் வேண்டும். கட்டுப்படியாகுமா? தென்கொரியாவின் போஹாங் ஆய்வாளர்கள் சிப்பியின் மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவையே புரதம் தயாரிக்க வைத்தார்கள். ஹார்வர்டு குழு வேறு வழியில் போனது. ஓடில்லா நத்தை ஒன்றின் கோழையைப் பார்த்து, கடற்பாசிச் சத்தும் செயற்கைப் பொருளும் கலந்த பசையை 2017-இல் அறிவித்தது. ரத்தம் படிந்த பன்றி இதயத்திலும் அது ஒட்டியது.

அறுவை அரங்கில் ஏற்கெனவே புழங்கும் இயற்கைப் பசை நம் ரத்தத்திலிருந்தே வருகிறது. ஃபைப்ரினோஜென், த்ராம்பின் இரண்டையும் காயத்தின் மேல் கலந்தால், ரத்தம் உறைவதன் கடைசிக் கட்டம் அங்கேயே நடக்கும். வேலை முடிந்ததும் உடலே அதைக் கரைத்துவிடும். கசிவை நன்றாக அடக்கும், இழுத்தால் தாங்காது. எனவே முழங்கால்போல அசையும் இடங்களில் ஊசிக்கு இப்போதைக்கு ஓய்வில்லை.

பிள்ளைகளின் நெற்றி வெட்டுக்கு மருத்துவர் பூசும் பசை, இவற்றில் சேராத செயற்கைச் சரக்கு. கடையில் விற்கும் உடனடிப் பசைக்கு அது உறவுதான். அதற்காக, செருப்பு ஒட்டும் பசையை யாரும் காயத்தில் தடவிவிடாதீர்கள்; தோல் எரியும், புண்ணாகும்.