தேகமும் தெருவும் – 9: கத்தரிக்கோலும் நாடியும்

சென்ற வாரம் மைசூரின் கரடி மனைகளில், செம்மண் வாசனையோடு நின்றோம். (விலங்கோ என்று திகைக்க வேண்டாம். மல்லும் சிலம்பும் பழகும் இடத்துக்குப் பழைய தமிழிலும் கரடிக்கூடம் என்றுதான் பெயர்.) இந்த வாரம் மண்ணைத் தட்டிவிட்டு தேவராஜ மொஹல்லாவுக்கு வருவோம்.

தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகைச் சரங்களையும் கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமத்தையும் கடந்து பொடிநடையாகப் போனால் ஜகன்மோகன் அரண்மனை. 1861இல் கட்டியது, இன்று ஓவியக்கூடம். வருகிறவர்கள் ஹல்தங்கர் வரைந்த, கையில் விளக்கேந்திய பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் தேடிப் போனது வேறு. 1933இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இங்கே ஒரு யோகசாலைக்கு இடம் கொடுத்தார். ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். இன்று உலகெங்கும் பாய் விரித்துச் செய்கிற ஆசனங்களில் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகத்தான் வெளியே போனது. பட்டாபி ஜோயிஸ் இவரிடம் கற்றவர். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்திரா தேவியும் அப்படியே.

1934இல் இன்னொரு மாணவன் வந்து சேர்ந்தான். பெயர் சுந்தரராஜன், ஆசிரியரின் மைத்துனன், வயது பதினைந்து. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாகப் பட்டு, எலும்பும் தோலுமாக இருந்த பையன். தினசரிப் பயிற்சி அவனைத் தேற்றியது. 1937இல் புனேவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனான், பி.கே.எஸ். ஐயங்கார் ஆனான், 95 வயது வரை வாழ்ந்தான். ஒழுங்கான உடற்பயிற்சியின் பலனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் கதையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது.

ஐயங்காரே பின்னாளில் சொன்னது. விருந்தினர் முன்னிலையில் அனுமனாசனம் செய்யச் சொன்னார் குரு. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இடுப்பு தரையில். பையனுக்கு அது பழக்கமே இல்லை. நிக்கர் இறுக்கமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் பார்த்தான். குரு கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி நிக்கரின் ஓரங்களை வெட்டவைத்தார். ஆசனம் வந்துவிட்டது. பின்தொடைத் தசையும் கிழிந்துவிட்டது. நெடுநாள் நடக்கவே சிரமப்பட்டான்.

அன்று அந்த அறையில் ஆசிரியர் இருந்தார், அதுவும் அந்தக் கலையில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. இல்லாமல் போனது, எதிரே நிற்கிற உடம்பைப் பார்க்கிற கண். பயிற்சியாளர் வைத்துக்கொண்டால் போதும், ஆபத்தில்லை என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உடம்பு ஏன் ஆளுக்கு ஆள் வேறு கணக்குக் கேட்கிறது? தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சர்க்கரைக்காரருக்கு நடை மருந்தாவது இதனால்தான். ஆனால் அவரே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். சிரசாசனம் செய்பவர்களைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது தெரிந்தது. நல்ல கண்ணுக்கு அது சில நிமிட விஷயம். கண்நீர் அழுத்த நோய் உள்ளவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது பொதுக்கணக்கு. அதை உங்கள் முழங்காலுக்கும், நீங்கள் விழுங்கும் மாத்திரைக்கும் தக்கபடி பிரித்துத் தருவதற்குத்தான் ஆசிரியருக்குச் சம்பளம். முதல் நாளே எடையைத் தூக்கிக் கையில் கொடுத்து, பழைய வியாதி என்ன, ஆபரேஷன் ஏதாவது ஆனதா என்று ஒரு வார்த்தை கேட்காதவருக்கு மாதக் கட்டணம் கட்டுவானேன்?

கிருஷ்ணமாச்சாரியாரிடமே திரும்புகிறேன். 1950 வாக்கில் யோகசாலை மூடப்பட்டது. 1952இல் அவர் சென்னைக்கு வந்தார். பக்கவாதம் வந்த ஒரு சட்ட வல்லுநர் தேறுவதற்கு உதவி கேட்டு அழைத்திருந்தார். மைசூரில் சிறுவர்களைத் துள்ளவைத்தவர் முன்னால் இப்போது ஒருபக்கம் செயலிழந்த பெரியவர். கத்தரிக்கோலுக்கு அங்கே என்ன வேலை? சென்னையில் அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தார், நாடி பிடித்தார், உணவையும் தூக்கத்தையும் விசாரித்தார், மூச்சுக்குத் தக்கபடி அசைவைக் குறைத்தார், கூட்டினார். ஆளுக்கேற்ற பயிற்சி என்ற அந்த வழியைத்தான் மகன் தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரமாக நிறுவினார்.

அந்தப் பக்கம் புனேவில் ஐயங்கார் கயிறு, கட்டை, பெல்ட், நாற்காலி, சுவர் என்று எதையெல்லாமோ பயிற்சிக்குள் கொண்டுவந்தார். குனிந்து தரையைத் தொட முடியாதவருக்குக் கட்டை. நிற்க முடியாதவருக்குச் சுவர். தொடை கிழிந்த பையன் அவருக்குள் கடைசிவரை இருந்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குருவுக்கு 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார். (அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம், எலும்பு மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.) படுத்த படுக்கையில் செய்யக்கூடிய அசைவுகளாகப் பொறுக்கி, தமக்கென்று ஒரு பயிற்சியை அவரே வகுத்துக்கொண்டார்.

(தொடரும்)