முகங்கள் கார்ட்டூன், குரல்கள் நிஜம்

செயற்கை நுண்ணறிவு மெட்டுப் போட்டுப் பாடியும் விடுகிற காலம் இது. ‘மெய்நிகர் இசைக்குழு’ என்றாலே கணினி தயாரித்த சரக்கு என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்த வகையில் உலகப் புகழ்பெற்ற ‘கொரில்லாஸ்’ குழு இதற்கு நேர் எதிர். அங்கே கற்பனை முகத்தோடு நின்றுவிடுகிறது. பாடுவதும் வாசிப்பதும் மனிதர்கள்தான்.

லண்டனில் ஒரே வீட்டில் தங்கியிருந்த இருவர் 1998இல் தொடங்கிய குழு இது. ‘ப்ளர்’ ராக் குழுவின் பாடகர் டேமன் ஆல்பார்ன் இசையமைக்க, ‘டேங்க் கேர்ள்’ காமிக்ஸ் ஓவியர் ஜேமி ஹியூலெட் நான்கு பாத்திரங்களை வரைந்தார்: பாடகன் டூ-டி, பாஸ் கிட்டார் மர்டாக், கிட்டார் வாசிக்கும் ஜப்பானியப் பெண் நூடுல், டிரம்ஸ் ரஸல். தொடக்ககாலக் கச்சேரிகளில் இசைஞர்கள் திரைக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். ரசிகர்கள் பார்த்தது இந்த நால்வரைத்தான்.

ஒருவர் முகம், இன்னொருவர் குரல் என்பது பின்னணிப் பாடலோடு வளர்ந்த நமக்குப் பழகியதுதான். ஆனால் இங்கே நாயகர்கள் சித்திரங்கள் என்பதால் யாருடைய முக்கியத்துவமும் குறைந்துவிடாது. பாட்டையே விருந்தினர் கையில் ஒப்படைத்துவிடலாம்.

அந்தச் சுதந்திரம் முழுமையாக வெளிப்பட்ட ஆல்பம், 2010 மார்ச்சில் வந்த ‘பிளாஸ்டிக் பீச்’. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தன் வீட்டருகே கடற்கரை மணலில் கலந்து கிடந்த பிளாஸ்டிக்கைப் பார்த்து ஆல்பார்னுக்கு உதித்த எண்ணம் இது. குப்பையால் உருவான ஒரு கற்பனைத் தீவு. அங்கே பதினாறு பாடல்கள். ஸ்னூப் டாக், லூ ரீட், டி லா சோல், ‘தி க்ளாஷ்’ குழுவின் மிக் ஜோன்ஸ், பால் சிமனன் என விருந்தினர் பட்டியல் நீளம்.

அவர்களில் பாபி வோமாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சோல் இசையில் கொடிகட்டிப் பறந்தவர், அப்போது ஒதுங்கியிருந்தார். கொரில்லாஸ் யாரென்றே அவருக்குத் தெரியாது. மகள் சொல்லித்தான் ஒப்புக்கொண்டார். ‘ஸ்டைலோ’ பாடலுக்கு, மனதில் தோன்றுவதைப் பாடுங்கள் என்றார்கள். ஒரு மணி நேரம் காதலும் அரசியலுமாகக் கொட்டித் தீர்த்தார். நீரிழிவுக்காரர், மயக்கம் வந்துவிட்டது. வாழைப்பழம் கொடுத்துத் தெளிய வைத்தார்கள். ஆல்பார்னின் அலட்டாத குரலைப் பிளந்துகொண்டு வோமாக் நுழையும் அந்த இடத்தை எந்த மென்பொருளாலும் திட்டமிட்டிருக்க முடியாது. 2012இல் ஆல்பார்ன் அவருக்காக ஒரு தனி ஆல்பமே தயாரித்தார். இரண்டு ஆண்டுகளில் வோமாக் காலமானார்.

விருந்தினர் கூட்டத்தில் குழுவின் அடையாளம் கரைந்துவிடுகிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘ஒயிட் ஃப்ளாக்’ பாடலைக் கேளுங்கள். பெய்ரூட்டில் பதிவான லெபனான் தேசிய அரபு இசைக்குழுவின் வாசிப்புக்கு நடுவே பாஷி, கேனோ என்ற இரு லண்டன் ராப் பாடகர்கள் புகுந்து, மறுபடி வாத்தியங்களுக்கே வழிவிடுகிறார்கள். இப்படி ஒரு சேர்க்கையைத் துணிந்து செய்வதே கொரில்லாஸின் அடையாளம்.

‘பிளாஸ்டிக் பீச்’ வந்த 2010ஆம் ஆண்டு ஜூலையில் டமாஸ்கஸ் கோட்டைக்குள் சிரியாவின் அரபு இசைக்குழுவோடு கொரில்லாஸ் வாசித்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே போர் மூண்டது. அந்தச் சிரிய இசைஞர்கள் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். 2016இல் ஆல்பார்னும் நண்பர்களும் அவர்களைத் தேடிச் சேர்த்து, இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் பிரதான மேடையில் ஏற்றினார்கள். அந்த ஆண்டு அந்த மேடையின் நிகழ்ச்சிகள் சிரிய இசையோடுதான் தொடங்கின.