வீடும் தொழில் மாலும்

1964இல் அமரரான யோகர் சுவாமிகள் கொழும்புத்துறையில் வாழ்ந்தது சிறியதொரு குடிசையில்தான். கற்றோரும் பாமரரும் அங்கேயே அவரைத் தேடிச் சென்றனர். இருப்பிடமே பணியிடமும் ஆவதற்குப் பெரிய வீடு வேண்டியதில்லை.

இடம்பெயர்ந்து வன்னியின் காட்டோரங்களில் குடியமர்ந்தோருள் பலருக்குக் கமம் செய்யக் காணி போதாது. பனையோலைப் பின்னல், தையல், தச்சுவேலை என்பனவே கைகொடுக்கின்றன. ஆயினும் வீட்டுக்குப் படம் கீறும்போது அறைகளையே எண்ணுகின்றனர். பின்னர் தாய்மார் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மங்கிய வெளிச்சத்தில் இருந்து ஓலை வாருகின்றனர். கண்ணும் கெடுகிறது, பின்னலும் பிசகுகிறது.

பழைய யாழ்ப்பாணத்து வளவுகளில் மால் இருந்தது. அதையே வீட்டின் வடபுறத்தில் ஒரு பத்தியாக இறக்கலாம். வடக்கு வெளிச்சம் கூசாது, நிழலும் குறைவு. சித்திரை நடுவிலிருந்து ஆவணி வரை நண்பகல் வெயில் வடபக்கமாகச் சாயும். மாரி மழையும் வடகிழக்கிலிருந்தே அடிக்கும். ஆகவே கூரைத் தாழ்வாரம் மூன்று அடியாவது வெளியே நீளட்டும். அரைச்சுவர் வைத்தால் அதுவே திண்ணை. பிள்ளைகள் படிக்கவும் உதவும். நிலத்தைக் கல்லிட்டு உயர்த்தாவிடில் கறையான் ஓலையையும் கப்பையும் சேர்த்தே தின்றுவிடும்.

குசினி தனியாக, வடகிழக்கு மூலையில் இருக்கட்டும். அக்கினி மூலை தென்கிழக்கு என்பர் பெரியோர். கிடுகு வீட்டுக்கு நாம் காற்றையே பார்ப்போம். கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தீப்பொறியைக் கூரைக்கு எதிர்ப்புறமாகக் கொண்டுபோய்விடும்.

பிரித்தானியக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1945இல் இந்தியா வந்தவர். இமயமலைச் சாரலில் பித்தோராகரில், மருத்துவரான மனைவியுடன் சுமார் 16 ஆண்டுகள் வாழ்ந்து, வீட்டையும் வைத்தியசாலையையும் கட்டினார். படித்த படிப்பு அங்கே அவருக்கு அதிகம் உதவவில்லை. கல், மண், மரம் கொண்டு மலைவாசிகள் கட்டும் முறையைப் பார்த்தே பழகினார். பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டு கட்டினால் கடன் குறையும். காட்டு மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்பதை மறக்கவேண்டாம். முற்றிய பனையின் வைரம் வளைக்கும் சிலாகைக்கும் நன்று.

காணி உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள் சுவரில் அதிகம் செலவிடவேண்டாம். அத்திவாரத்தை மட்டும் கல்லால் கட்டி, கப்பையும் வளையையும் மரையாணியால் பூட்டுங்கள். எழும்பச் சொன்னால் கழற்றி ஏற்றிக்கொண்டு போகலாம். மால் போகும் இடத்திலும் நிற்கும்.