பக்குவமும் ஒரு விதைதான்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம். சென்னையிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். எங்களிடம் ஐந்து கிலோ மாப்பிள்ளை சம்பா அரிசி வாங்கியவர்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க அரிசி ஆறு விசில் வச்சும் வேகல. பசங்க தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிட்டாங்க. மிச்சம் நாலு கிலோவைத் திருப்பி அனுப்பட்டுமா?"

நானும் வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னேன். "பாரம்பரிய அரிசின்னா அப்படித்தாம்மா இருக்கும். உடம்புக்கு நல்லது. கொஞ்ச நாள்ல பழகிடும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எங்கள் வீட்டு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. அதில் வெந்துகொண்டிருந்தது கடையில் வாங்கிய பொன்னி அரிசி. என் மனைவி கரண்டியும் கையுமாக நின்றபடி கேட்டார்: "அவங்களைப் பழகச் சொல்றீங்களே, நாம பழகிட்டோமாங்க?"

பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை.

நான் 34 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் கிராமத்துக் கிளைகளில், பயிர்க்கடன் கொடுக்கிற நாற்காலியில். 2018-ல் ஓய்வு பெற்றதும் மன்னார்குடி பக்கம் அப்பா விட்டுச்சென்ற மூன்று ஏக்கரில் இறங்கினேன். ரசாயனம் இல்லை, பாரம்பரிய நெல் மட்டும்தான் என்று பிடிவாதமாக இருந்தேன். முதல் வருஷம் வந்த அரிசியை வீட்டில் பொங்கிப் பார்த்தோம். பொன்னிக்கு வைக்கிற மாதிரியே தண்ணீர் வைத்தோம், அதே அளவு விசில் விட்டோம். மேலே குழைந்து உள்ளே கட்டையாக இருந்தது. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு என் மனைவி விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை. அரிசி முழுவதையும் விற்றேன். கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேறி பாரம்பரிய அரிசியின் பெருமை பேசினேன். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சோறு சாப்பிட்டேன். வங்கியில் இதற்கு வேறு பெயர் சொல்லுவார்கள்.

அந்த வருஷம் பங்குனியில் உளுந்து பிடுங்க ஆள் வந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு எல்லோரும் பூவரச மர நிழலில் தூக்குவாளியைத் திறந்தார்கள். நானும் என் டப்பாவோடு போய் உட்கார்ந்தேன். அது எனக்கு வங்கியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் டப்பாவும் மேசை நடுவில் வந்துவிடும். திருநெல்வேலிக்காரர் வீட்டுச் சொதியையும், கோயம்புத்தூர்க்காரர் வீட்டு அரிசிம்பருப்புச் சோற்றையும் நான் முதன்முதலில் ருசி பார்த்தது அந்த மேசையில்தான். ஊர் ஊராக மாற்றல் ஆனாலும் எனக்கு வீட்டு நினைப்பு வராமல் பார்த்துக்கொண்டது அந்த மேசை.

எங்கள் ஆட்களில் மூத்தவர் எழுபதை நெருங்கும் ஓர் அம்மா. நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாளியில் பழையசோறு, கூடவே ஆரைக்கீரைத் துவட்டல். கொஞ்சம் எடுத்து என் டப்பா மூடியில் வைத்தார். "உங்க வாய்க்கால் ஓரம் பறிச்சதுதான் சார். களைக்கொல்லி அடிக்கிற வயல் பக்கம் இது தலை காட்டாது" என்றார். நான் தினம் மிதித்து நடந்த கீரை அது. ருசித்தது அன்றைக்குத்தான்.

அவரிடம் சென்னை போன் விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார்.

"ஊறப் போடாம பொங்குனா எப்படி சார் வேகும்? எங்கம்மா ராத்திரியே களைஞ்சு ஊறப் போட்டுடும். காலையில அந்தத் தண்ணியோடயே ஏத்தும். கொதி வந்ததும் விறகை இழுத்துட்டு, நின்னு நிதானமா வேகவிடும். அவசரக்காரங்களுக்கு அந்த அரிசி ஆகாது."

"நீங்க இப்பவும் அப்படித்தான் பொங்குறீங்களா அக்கா?"

"நாங்க எங்க சார்? எங்க வீட்டுல ரேஷன் அரிசிதான். நட்டது நாங்க, களை பறிச்சது நாங்க. ஒங்க அரிசிய இன்னும் வாயில வச்சுப் பார்த்ததில்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிலோ இவ்வளவு என்று விலை போட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் கட்டிய அரிசி, அதை நட்ட கைக்குப் போகவில்லை. விளைவித்த என் வீட்டிலும் வேகவில்லை. வாங்கியவர் வீட்டிலும் வேகவில்லை. அப்புறம் யாருக்காக இந்தச் சாகுபடி?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீட்டுக்கு அழைத்தோம். எங்கள் வீட்டு அடுப்படிக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் அப்பா காலத்தில் கொல்லை வாசலோடு நிற்க வைத்திருப்பார்கள். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும். என் மனைவியும் அவரும் சேர்ந்து பொங்கினார்கள். நான் வங்கிப் பழக்கத்தில் பக்கத்தில் நின்று அளவு குறித்துக்கொண்டேன்.

அந்தக் கணக்கு இதுதான். மாப்பிள்ளை சம்பா தீட்டாத புழுங்கல் அரிசி ஒரு டம்ளர். இரண்டு தடவை களைந்து, ஐந்து டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க, குறைந்தது 8 மணி நேரம் ஊற வேண்டும். காலையில் அதே தண்ணீரோடு கனமான பாத்திரத்தில் ஏற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, தட்டால் மூடிவிட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் அரிசியின் வயிறு வெடிக்கும். விரலில் நசுக்கிப் பார்த்தால் நடுவில் கட்டி இருக்கக் கூடாது. பிறகு வடிக்கலாம். வடிகஞ்சியில் உப்பும் கொஞ்சம் மோரும் விட்டுக் குடிக்கலாம். குக்கர்தான் வேண்டும் என்பவர்கள் இதேபோல் ஊறவைத்த அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து, இருபது நிமிஷம் விட்டு இறக்கினால் போதும்.

அன்றைக்கு வத்தக்குழம்பும் ஆரைக்கீரைக் கூட்டும். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தோம். மறுநாள் காலை அந்தப் பழையதில் மோர் விட்டு, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிட்டோம். என் மனைவி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும்!

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மே மாத விடுமுறைக்கு மகனும் மருமகளும் பேரனும் வந்தார்கள். பேரன் சிவப்புச் சோற்றைப் பார்த்ததும், "தாத்தா, இது அழுக்குச் சோறு" என்றான். எனக்குக் கோபம் வந்தது. என் மனைவிதான், "குழந்தைகிட்ட ஏங்க சண்டை? வெள்ளையா கிச்சிலி சம்பா இருக்கே" என்றார். கிச்சிலி சம்பா சன்ன ரகம். லேசாகத் தீட்டினால் பொன்னியைப் போலவே சோறு உதிரி உதிரியாக வரும். பேரன் ரசம் விட்டுச் சாப்பிட்டான். இட்லிக்கு மட்டும் மாப்பிள்ளை சம்பாவைப் பாதியும் கிச்சிலியைப் பாதியுமாகக் கலந்து, நாலுக்கு ஒரு பங்கு எங்கள் வயல் உளுந்து போட்டு அரைத்தார். அதை அவன் கேட்காமலே சாப்பிட்டான். தினச் சோற்றுக்கு ஒரு ரகம், இட்லிக்கு ஒரு ரகம், கஞ்சிக்கு ஒரு ரகம் என்று நம் முன்னோர் வைத்திருந்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே ரகத்தை எல்லாவற்றுக்கும் போட்டு, "பழகிக்கொள்" என்று சொன்னது என் தப்பு.

அந்த வருஷம் நெல் விற்பனைக்கு முன்னால் கணக்கு நோட்டை எடுத்தேன். நாங்கள் இருவர், வந்து போகிறவர்கள், வேலை நாளில் ஆட்களுக்குப் போடும் சாப்பாடு என்று எங்கள் வீட்டுக்குச் சராசரி நாளைக்கு ஒரு கிலோ அரிசி. வருஷத்துக்கு 365 கிலோ. 100 கிலோ நெல்லை அரைத்தால் 60 முதல் 65 கிலோ வரை அரிசி வருகிறது. ஆக, 60 கிலோ மூட்டையில் சுமார் பத்து மூட்டை நெல். இதை முதலில் தனியாக எடுத்து வைத்தேன். வழக்கமாக வேலைக்கு வரும் ஐந்து வீடுகளுக்கு வீட்டுக்கு ஒரு மூட்டை. பேசிய கூலியில் இதற்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மீதியைத்தான் விலைக்குக் கொடுத்தேன். வருமானம் கொஞ்சம் குறைந்தது, மறைக்கவில்லை. ஆனால் கடை அரிசி வாங்கும் செலவு நின்றது. அதையும் வரவில்தானே எழுத வேண்டும்?

இன்னொரு விஷயமும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முழு நெல்லையும் ஒரே நாளில் அரைத்து வைக்காதீர்கள். தீட்டாத அரிசியில் தவிட்டின் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நாள் ஆக ஆகச் சிக்கு வாடை வரும், வண்டும் பிடிக்கும். நெல்லாகவே வைத்துக்கொண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதம் பழசான நெல்லின் அரிசி புதுசைவிட அதிகம் தண்ணீர் கேட்கும். ஆனால் குழையாது.

அடுத்து எங்கள் வட்டார உழவர்களின் மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். இதுவரை கூட்டத்துக்கு வந்தால் டீயும் கடை பிஸ்கட்டும்தான். இனி வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொண்டு வருவோம். முக்கியப் பொருள் சொந்த வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும். கொண்டு வந்தவர் எழுந்து நின்று பக்குவம் சொல்ல வேண்டும்.

முதல் மாதம் நல்ல வேடிக்கை. ஒருவர் பூங்கார் அரிசிப் புட்டு கொண்டு வந்தார். பஞ்சு மாதிரி இருந்தது. "மாவை வறுத்துட்டுப் பிசைஞ்சீங்களா, அப்படியேவா?" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார். மனிதர் முழித்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார். தூயமல்லித் தயிர்சோறு கொண்டு வந்தவருக்கும் அதே கதி. பஞ்சகவ்யா அளவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற நாங்கள், எங்கள் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் நின்றோம். இரண்டாவது மாதத்திலிருந்து பெண்களும் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். பேச்சு வேறு மாதிரி ஆனது. எந்த ரகத்தை அடுத்த போகத்துக்குப் போடலாம் என்பதில், எது நன்றாகப் பொங்குகிறது என்கிற கேள்வியும் சேர்ந்துகொண்டது. நாங்கள் ஆண்கள் சிலர் வாரத்தில் ஒருநாள் அடுப்படியில் நிற்கிறோம். என் கையில் உருப்படியாக வருவது உளுத்தங்களி ஒன்றுதான். அதிலும் கட்டி தட்டாமல் கிண்ட மூன்று மாதம் ஆயிற்று.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழா நம்மில் பலருக்குத் தெரியும். 2 கிலோ விதை நெல் வாங்கிக்கொண்டு போனால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நெல் ஜெயராமன் ஐயா அப்படித்தான் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களைப் பரப்பினார். நாங்கள் அந்த முறையைப் பக்குவத்துக்கும் வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டிலிருந்து ஒரு பக்குவம் வாங்கிக்கொண்டு போனால், செய்து பார்த்துவிட்டு இரண்டு வீட்டுக்குச் சொல்லித்தர வேண்டும்.

சென்னை அம்மாவுக்கு அன்றைக்கே நான் செய்திருக்க வேண்டியதைப் பிறகு செய்தேன். போன் போட்டு, "என் மேலதாம்மா தப்பு. எப்படிப் பொங்கணும்னு எனக்கே தெரியாம உங்களுக்கு வித்துட்டேன்" என்றேன். அக்காவின் பக்குவத்தை ஒரு தாளில் எழுதி, ஒரு கிலோ கிச்சிலி சம்பாவோடு அனுப்பினேன். பத்து நாளில் போன் வந்தது. பழைய நாலு கிலோவில் பாதியைக் குருணையாக உடைத்து, பாசிப்பருப்பு சேர்த்துக் கஞ்சி வைத்ததாகவும், பசங்க சாப்பிட்டதாகவும் சொன்னார். மீதி பாதியை என் தாளில் உள்ளபடி பொங்கிப் பார்த்தாராம். "சுமாரா வந்துச்சு, அடுத்த தடவை சரியா வரும்" என்றார். 'சுமார்' என்ற அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அவர் சொன்ன கஞ்சிப் பக்குவத்தை அந்தத் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு அரிசிப் பைக்குள்ளும் அந்தத் தாள் போகிறது.

உழவர் தோழர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த அரிசியை எதற்குப் பொங்கினார்கள், எவ்வளவு நேரம் ஊறவைத்தார்கள், தொட்டுக்கொள்ள என்ன செய்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வயலில் வேலை செய்பவர்களிடமும் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர்களுக்கும் ஒரு மூட்டை எடுத்து வையுங்கள். விதை போனால் இன்னொரு உழவரிடம் போய் வாங்கலாம். பக்குவம் தெரிந்தவர் போய்விட்டால் யாரிடம் வாங்குவது?

அக்கா வீட்டில் இப்போது வாரத்தில் மூன்று நாள் மாப்பிள்ளை சம்பா. மீதி நாள் ரேஷன் அரிசிதான். போன பங்குனியில் பூவரச மர நிழலில் அவர் வாளியைத் திறந்தபோது உள்ளே சிவப்புச் சோறு இருந்தது. ஒரு உருண்டை எடுத்து என் மூடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சாப்பிட்டுப் பாருங்க சார். ஒங்க வீட்டம்மா பொங்குறதவிட நல்லாத்தான் இருக்கும்."

நல்லாத்தான் இருந்தது. வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.