தின்ன சோறு அப்படியே வெளியே வருதா? நாய்க்குட்டியை நிக்க வச்சு ஊட்டுங்க!

சேதராப்பட்டு:

சேதராப்பட்டு தொழிற்பேட்டை பக்கம் போனால் கம்பெனி கேட், டீக்கடை வாசல், லாரி நிற்கும் இடம் என்று எங்கே பார்த்தாலும் நாலு நாய்க்குட்டி காலைச் சுற்றும். ஷிப்ட் முடிந்து போகும்போது பரிதாபப்பட்டு ஒன்றைத் தூக்கிக் கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து 'அல்சேஷன்' குட்டி வாங்கி வருகிறவர்களும் உண்டு.

பால் குடிக்கிற வரைக்கும் குட்டி நன்றாகத்தான் இருக்கும். சோறு பிசைந்து வைக்க ஆரம்பித்ததும் சில குட்டிகளுக்கு சிக்கல் தொடங்குகிறது. ஆசையாகத் தின்கிறது. கொஞ்ச நேரத்தில் தலையைக் குனிந்து, தின்ன சோற்றை அப்படியே தரையில் கொட்டி விடுகிறது. கொட்டியதையே மறுபடி தின்கிறது. மறுபடி கொட்டுகிறது. நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாகிறது.

'வாந்தி எடுக்குது' என்று மெடிக்கல் ஷாப்பில் வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். பூச்சி மருந்து கொடுப்பார்கள். எதற்கும் அடங்காது. கடைசியில் ஒரு சாக்குப் பையில் போட்டு ஏரிக்கரையில் விட்டு வருவதும் நடக்கிறது. இதை எழுதுகிறவன் வீட்டிலும் சின்ன வயதில் அப்படி ஒரு குட்டியை விட்டு வந்தோம். அது வாந்தியே இல்லை என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

வாந்தி வேற, இது வேற

வாந்தி என்பது வயிற்றில் இருந்து வருவது. வாந்தி எடுக்கும் முன் நாய்க்கு எச்சில் ஊறும், நாக்கால் உதட்டை நக்கும், வயிறு உள்ளே இழுத்து இழுத்து எக்கும். வெளியே வருவது பாதி செரித்துப் போய், சில சமயம் மஞ்சள் பித்தத்தோடு இருக்கும்.

இன்னொன்று, வயிற்றுக்கே போகாமல் திரும்புவது. இதில் எக்குவது கிடையாது. தலையைத் தாழ்த்தியதும் பொத்தென்று விழும். சோறு சோறாகவே இருக்கும், மேலே கோழை சுற்றியிருக்கும். சில நேரம் குழாயில் இருந்து பிதுக்கி எடுத்த மாதிரி நீளமாக இருக்கும். தின்ன உடனேயும் வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

இந்த இரண்டாவது ரகம் அடிக்கடி வந்தால் உணவுக்குழாயில் கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மெகா ஈசோபேகஸ்'. உணவுக்குழாய் விரிந்து, தொளதொளத்துப் போய், சோற்றைக் கீழே தள்ளும் சக்தி இல்லாமல் கிடப்பதுதான் விஷயம்.

மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். நாய்க்கு உணவுக்குழாய் தரைக்குப் படுக்கை வாட்டில் போகிறது. குழாயின் தசை சுருங்கிச் சுருங்கித்தான் சோற்றை வயிற்றுக்குத் தள்ள வேண்டும். தசை வேலை செய்யாவிட்டால், பழைய சைக்கிள் டியூபில் தண்ணீர் தேங்குவது போல சோறு நெஞ்சுக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

வாந்தி மாத்திரை கேட்காததற்கும் காரணம் இதுதான். நாயின் உணவுக்குழாய் முழுக்க கை, கால் தசை மாதிரியான தசையால் ஆனது. வயிறு, குடல் தசைக்கு வேலை செய்யும் மாத்திரை இதற்கு எடுபடாது. சில மாத்திரைகள் வயிற்று வாசலை இன்னும் இறுக்கி, சோறு இறங்குவதைக் கெடுத்து விடவும் கூடும்.

முதலில் டாக்டர், அப்புறம்தான் மற்றது

சாப்பாடு தங்காத எல்லா குட்டிக்கும் இதே நோய் என்று நினைத்து விடக்கூடாது. வாந்தியோடு ரத்தமாக, நாற்றம் அடிக்கும் பேதி போனால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அது ஒரு நாள் கூட காத்திருக்கிற விஷயம் இல்லை. வயிறு மட்டும் பானை போல உப்பி, உடம்பு இளைத்திருந்தால் குடல் பூச்சியாக இருக்கலாம். எவ்வளவு தின்றாலும் தேறாமல், மலம் எண்ணெய்ப் பசையோடு கூடை கூடையாகப் போனால் கணையத்தில் கோளாறு இருக்கலாம். அதற்கு சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்துப் பொடி தனியாக உண்டு.

ஒரு எச்சரிக்கை. தெருவில் இருந்து தூக்கி வந்த குட்டி விழுங்க முடியாமல் தவித்தால், எச்சில் ஒழுகினால், 'தொண்டையில எலும்பு மாட்டியிருக்கும்' என்று வாய்க்குள் விரலை விடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய்க்கும் அதே அடையாளம் உண்டு. கடித்து விட்டாலோ, எச்சில் புண்ணில் பட்டு விட்டாலோ சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி விட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும்.

குட்டி சோற்றைக் கொட்டுவதை செல்போனில் வீடியோ எடுத்துக் கொண்டு போனால் கால்நடை டாக்டருக்கு பாதி வேலை மிச்சம். எக்கி எடுக்கிறதா, சும்மா விழுகிறதா என்று பார்த்த உடனே தெரிந்து விடும். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் குழாய் விரிந்திருப்பது தெரியும்.

சேதராப்பட்டில் இருந்து பத்துக்கண்ணு, வில்லியனூர் பக்கம் வந்தால் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய சிகிச்சை வேண்டியவர்கள் சென்னை வேப்பேரிக்கும் போகிறார்கள். அங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது.

எக்ஸ்ரே ஏன் முக்கியம் என்றால், சில குட்டிகளுக்கு உணவுக்குழாய் நன்றாகவே இருக்கும். இதயத்தில் இருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே தப்பான பக்கம் வளர்ந்து, வளையம் போட்டு உணவுக்குழாயை நெரித்துக் கொண்டிருக்கும். இதற்கு ஆபரேஷன் உண்டு. குழாய் ரொம்ப விரிந்து போவதற்குள் சீக்கிரம் செய்தால்தான் பலன்.

நிமிர்த்தி வைத்து ஊட்டுவது எப்படி?

ஆபரேஷனுக்கு வேலை இல்லாத குட்டிக்கு வழி ஒன்றுதான். தசை செய்யாத வேலையை பூமியின் ஈர்ப்பு செய்ய வேண்டும். அதாவது குட்டியை மனுஷன் மாதிரி நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும். ஊட்டி முடித்த பிறகும் 15 முதல் 30 நிமிடம் வரை அப்படியே நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். இந்த கடைசி அரை மணி நேரத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

குட்டி சின்னதாக இருக்கும்போது மடியில் உட்கார வைத்து, முதுகை நம் வயிற்றில் சாய்த்து, முன்னங்கால் மேலே இருக்கிற மாதிரி பிடித்தால் போதும். சாப்பிட்ட பிறகு கைக்குழந்தையை ஏப்பம் விட வைப்பது போல தோளில் போட்டுக் கொள்ளலாம். வளர வளர இது நடக்காது. நாலு மாதத்து அல்சேஷனை அரை மணி நேரம் தோளில் சுமக்க முடியுமா?

அமெரிக்காவில் பெய்லி என்ற நாய்க்காக அதை வளர்த்தவர்கள் ஒரு நாற்காலி செய்தார்கள். குழந்தைகளுக்கு சோறு ஊட்டும் உயர நாற்காலி மாதிரி, முன்பக்கம் ஒரு தட்டு, நாய் பின்பக்கம் ஊன்றி நிமிர்ந்து உட்காரும். இன்றைக்கு உலகம் முழுக்க அதற்கு 'பெய்லி நாற்காலி' என்றுதான் பெயர்.

நம்ம ஊரில் இதற்கு பெரிய செலவு தேவையில்லை. சின்ன குட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டே போதும், உள்ளே பழைய போர்வையை மடித்து அடைத்து விடலாம். பெரிதானதும் நாலு துண்டு பிளைவுட், கொஞ்சம் ஆணி, உள்ளே ஸ்பாஞ்ச். காயலான் கடையில் கிடைக்கும் பழைய பிளாஸ்டிக் டிரம்மை அறுத்தும் செய்யலாம். ஆனால் அறுக்கிற டிரம் கெமிக்கல் வந்த டிரம்மாக இருக்கக் கூடாது. தொழிற்பேட்டை ஊர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவு முக்கியம். உள்ளே திரும்ப இடம் இருந்தால் குட்டி குனிந்து படுத்து விடும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் வயிறு அமுங்கும். நின்று கொண்டே இருக்காமல், பின்பக்கம் தரையில் பட உட்கார வேண்டும்.

என்ன கொடுப்பது?

ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு பக்குவம் ஒத்துப்போகும். சிலதுக்கு கூழ் மாதிரி கரைத்துக் கொடுத்தால் இறங்கும். சிலதுக்கு கூழ்தான் ஆகாது, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தால்தான் இறங்கும். ஒரு பக்குவத்தை மூன்று நாலு நாள் கொடுத்துப் பார்த்து, எத்தனை தடவை கொட்டியது என்று காலண்டர் தாளில் குறித்து வைத்தால் எது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்து விடும்.

குழைய வேக வைத்த சோறு, எலும்பில்லாத கோழிக்கறி, வெந்த முட்டை இவற்றை மிக்சியில் அரைத்துக் கொடுக்கலாம். கஞ்சித் தண்ணியில் வயிறு நிறையும், உடம்பு தேறாது. கொஞ்சம் கொடுத்தாலும் சத்து அதிகமாக இருக்க வேண்டும். கறிக்குழம்பில் பிசைந்த சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. வீட்டுச் சாப்பாடு மட்டுமே கொடுத்தால் வளரும் குட்டிக்கு கால்சியம் குறையும். எதைச் சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஒரு நாள் சாப்பாட்டை மூன்று, நாலு பங்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இதுதான் பெரிய தலைவலி. காலை 6 மணி ஷிப்ட் என்றால் 5 மணிக்கே எழுந்து ஊட்டி, பக்கெட்டில் வைத்து விட்டு, அந்த அரை மணி நேரத்தில் குளித்து, டிபன் கட்டிக் கொள்ளலாம். மதியம் வீட்டில் இருக்கும் பெரியவர்கள், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், ராத்திரி நாம். ஆள் மாறினாலும் அளவும் பக்குவமும் மாறக்கூடாது. புருஷன், பொண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனிக்குப் போய், வீட்டில் வேறு ஆள் இல்லை என்றால் இந்தக் குட்டியை வளர்ப்பது ரொம்ப கஷ்டம். அதை முதலிலேயே டாக்டரிடம் மனம் விட்டுச் சொல்லி விடுவது நல்லது.

தண்ணீர் சோற்றை விட மோசம். தரையில் கிண்ணம் வைத்தால் குனிந்து குடிக்கும், குடித்தது திரும்ப வரும். தண்ணீரையும் நிமிர்ந்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் தங்காத நாய்களுக்கு வாசனை, சர்க்கரை சேர்க்காத ஜெலட்டின் பொடியில் தண்ணீரைக் கட்டியாக்கி, துண்டு போட்டு ஊட்டுவது வெளிநாடுகளில் வழக்கம். கேக் சாமான் விற்கும் கடைகளில் அந்தப் பொடி கிடைக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும். 'பாவம்' என்று யாராவது தூக்கிப் போடும் ஒரு பிஸ்கட் போதும், அன்றைய உழைப்பு வீண்.

நுரையீரல் ஜாக்கிரதை

இந்த நோயில் குட்டி சாவது பட்டினியால் மட்டும் இல்லை. மேலே வரும் சோறும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வந்து விடும். நிறைய நாய்கள் சாவது இதனால்தான். குட்டி திடீரென்று சுருண்டு படுத்தாலோ, இருமினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ அன்றைக்கே டாக்டர். ஈறு நீலமாகத் தெரிந்தால் ஆட்டோ பிடித்து ஓட வேண்டும்.

இதனால்தான் படுத்திருக்கும் குட்டியின் வாயைப் பிடித்து பாலை ஊற்றக் கூடாது. சாப்பிடவில்லையே என்ற பாசத்தில் பெரியவர்கள் செய்வது இது. ஊற்றிய பால் நேரே நுரையீரலுக்குப் போகும். ராத்திரி படுக்கும்போது தலை மேடாக இருக்க, துண்டைச் சுருட்டி கழுத்துக்கு அடியில் வைக்கலாம்.

மருந்தே கிடையாதா என்றால், ஒன்று பேசப்படுகிறது. சில்டெனாபில். ஆமாம், 'வயாகரா' என்று ஆம்பளைங்க ரகசியமா கேட்டு வாங்கும் அதே மருந்துதான், சிரிக்க வேண்டாம்! இது உணவுக்குழாயும் வயிறும் சேரும் வாசலைத் தளர்த்தி விடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில பல்கலைக்கழகத்தில் 10 நாய்களுக்கு இதை திரவமாகக் கொடுத்துப் பார்த்து, 9 நாய்களுக்கு சோறு திரும்புவது குறைந்ததாக 2022-ல் தெரிவித்தார்கள். சின்ன ஆய்வுதான். இதை வைத்து நாமாக மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தால் குட்டிக்கு ஆபத்தாகி விடலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

சில குட்டிகளுக்கு வளர வளர இது குறைவதும் உண்டு. அதுவரை நுரையீரலைக் காப்பாற்றி, எடை ஏற்ற வேண்டும். வாரம் ஒரு முறை குட்டியைத் தூக்கிக் கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நாம் மட்டும் ஏறி, கழித்துப் பார்த்தால் கணக்கு தெரிந்து விடும்.

வாங்கும்போதே பாருங்க

ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன், லாப்ரடார் ஜாதிகளில் இது பிறவியிலேயே வருவது உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டில் இதற்குத் தொடர்புள்ள மரபணு மாற்றத்தை அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் கண்டுபிடித்தார்கள். அந்த ஜாதியில் பெண் குட்டிகளை விட ஆண் குட்டிகளுக்கு சுமார் இரண்டு மடங்கு அதிகமாக வருகிறதாம். இந்த நோய் உள்ள நாயை இனச்சேர்க்கைக்கு விடக்கூடாது.

நோய்க் குட்டியை பட்டினி கிடக்க விட்டு வருவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 50 ரூபாய்! அரை கிலோ கோழிக்கறி கூட வராது.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. ஆனால் 30 நாள் குட்டியைக் கூட 'இப்பவே வாங்கினாதான் பழகும்' என்று தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பால் மட்டும் குடிக்கும் வயதில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. அதனால் குட்டி வாங்கப் போகிறவர்கள், விற்பவர் வீட்டிலேயே ஒரு கிண்ணம் சோறு பிசைந்து வைக்கச் சொல்லுங்கள். குட்டி தின்ற பிறகு ஒரு டீ குடித்து விட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்து விட்டு பணத்தைக் கொடுங்கள்.